காசி தேசத்து மொழிக்காக

1893இல் நாகரி பிரசாரிணி சபையை ஸ்தாபித்து, ஹிந்தி சப்தசாகரம் என்னும் மாபெரும் அகராதியை உலகுக்கு அளித்த காசி நகரத்தைச் சூழ்ந்த பிரதேசத்திலேயே, இன்று ஹிந்தி இளைஞர் பலர் தம் தாய்மொழியைக் கைபேசியில் ரோமன் எழுத்திலேயே எழுதுவதையும், எழுபதுக்கு மேற்பட்ட எண்களை ஹிந்தியில் சொன்னால் நகரத்துக் குழந்தைகள் பொருள் விளங்காது விழிப்பதையும் நினைக்குந்தோறும் என் மனம் வியாகுலமடைகிறது. 2020இல் உத்தரப் பிரதேசப் பொதுத்தேர்வுகளில் ஏறக்குறைய 8 லட்சம் மாணவர் ஹிந்திப் பாடத்திலேயே தேர்ச்சி பெறவில்லை. இது சாமானியச் செய்தியன்று. ஹிந்தித் திணிப்பை எதிர்ப்பவன்தான் நான். ஆயினும், எந்தத் தாய்மொழியும் தன் இல்லத்திலேயே அந்நியமாவது எனக்குச் சம்மதமன்று. ஹிந்தி பேசும் நண்பர்களே, உங்கள் குழந்தைகளுக்கு ஹிந்தி எழுத்தாளர் பிரேம்சந்தின் கதைகளை நாகரி எழுத்திலேயே படிக்கக் கற்பியுங்கள்.