சோலார் இருக்கிற வீட்டில ஏன் கறண்ட் இல்லை?

டித்வா புயல் அடித்த அடுத்த நாள் காலை எங்கட படலையடியில் ஏழெட்டுப் பேர் வந்து நின்றார்கள். எல்லாரின் கையிலும் போன். இரண்டு பேரிடம் பவர் பாங்க். முன்வீட்டு அன்ரியிடம் போனோடு சேர்த்து ஒரு சார்ஜ் ரோச் லைற்றும் இருந்தது. முதல் நாள் இரவே கறண்ட் போயிருந்தது. எங்கட ஒழுங்கையில் கூரையில் சோலார் போட்ட வீடு எங்களுடையது மட்டும்தான்.

"பிள்ளை, ஒரு அரை மணித்தியாலம் சார்ஜில போட்டாக் காணும். மகள் கட்டாரில இருந்து எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டு இருப்பாள்."

"அன்ரி, எங்களுக்கும் கறண்ட் இல்லை."

அன்ரி நிமிர்ந்து கூரையைப் பார்த்தா. பத்துப் பனலும் மழையில் கழுவுப்பட்டுப் பளபளவென்று கிடந்தன. பிறகு எங்களைப் பார்த்தா. "சரி பிள்ளை, பரவாயில்லை" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தா. அந்தப் "பரவாயில்லை"யை நாங்கள் இன்றைக்கும் மறக்கவில்லை. சண்டை பிடித்திருந்தால் விளக்கம் சொல்லியிருக்கலாம். தரமனம் இல்லாத சனம் என்று ஒருத்தர் மனதுக்குள் முடிவெடுத்துவிட்டால், அதுக்குப் பிறகு என்னத்தைச் சொல்லி விளங்கப்படுத்துறது?

கொம்பனிக்காரரில் பழியைப் போட ஆசைதான். ஆனால் பற்றறி வேண்டாம் என்று முடிவெடுத்தது அவர்களில்லை. நாங்கள், அதாவது இந்த வீட்டுப் பிள்ளைகள்.

2025இன் நடுப்பகுதியில்தான் கதை தொடங்கியது. கனடாவில் இருக்கிற சித்தப்பா பாதிக் காசு தாறன் என்றார். மிச்சத்துக்கு அம்மாவின் சீட்டுக் காசும் ஒரு வங்கிக் கடனும். கிளிநொச்சி வெயிலை யோசித்தால் இதை இவ்வளவு காலமும் செய்யாமல் இருந்ததுதான் பிழை என்று தோன்றியது. எந்தச் சிஸ்டம் போடுறது என்று பார்க்கிற வேலை எங்களிடம் வந்தது. எங்களில் ஒராள் யாழ்ப்பாணத்தில் கலைப்பீடம், மற்றவர் ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருக்கிற தம்பி. கிலோவாட்டுக்கும் கிலோவாட் மணித்தியாலத்துக்கும் வித்தியாசம் தெரியாமல்தான் இறங்கினோம். முதலாவது குழாயின் பருமன், இரண்டாவது வாளியில் நிறைந்த தண்ணி என்று தம்பி சொன்ன பிறகுதான் கலைப்பீடத்துக்குப் பிடிபட்டது. பில்லில் 'யூனிற்' என்று வருவது அந்த வாளிக் கணக்கைத்தான்.

எங்கட வீட்டுக்கு மாதம் 210 யூனிற் போகும். 180ஐத் தாண்டினால் ஆகக்கூடின படிக்குப் போய்விடுவோம், பில்லைத் திறக்கவே அம்மாவுக்குப் பயம். 5 கிலோவாட் சிஸ்டம் ஒன்று நல்ல வெயில் நாளில் 20 யூனிற் அளவில் தரும், மாதம் 600 என்று வைத்துக்கொண்டோம். எங்கட தேவை போக 390 யூனிற்றை மின்சார சபைக்கு விற்கலாம். நாங்கள் முதல் கணக்குப் போட்டபோது யூனிற் 27 ரூபா. கையெழுத்து வைக்கும்போது அது 20 ரூபா 90 சதமாகிவிட்டது. மாதம் 10,530 வரும் என்று பார்த்திருந்தது 8,151 ஆனது. அப்பா ஒரு நாள் முழுக்க ஒருத்தரோடும் கதைக்கவில்லை.

பற்றறி இல்லாமல் எங்களுக்குச் சொன்ன விலை எட்டரை லட்சம். பற்றறியோடு, அதற்கு ஏற்ற ஹைபிரிட் இன்வேர்ட்டரும் சேர்த்து, பதின்மூன்று. அந்த மேலதிக நாலரை லட்சம் என்ன உழைத்துத் தரும் என்று பார்த்தோம். பில்லில் ஒரு சதமும் இல்லை. ஏனென்றால் பகலில் நாங்கள் வெளியே அனுப்புகிற யூனிற்றும் இரவில் உள்ளே எடுக்கிற யூனிற்றும் மாத முடிவில் ஒன்றுக்கொன்று கழிபடும். மிச்சத்துக்குத்தான் காசு. அப்படியிருக்கப் பகல் வெயிலை இரவுக்கென்று சொந்தமாகச் சேமித்து வைப்பானேன்?

"பற்றறி இல்லாமல் என்ன சோலார்?" என்று அப்பா கேட்டார்.

"அப்பா, மின்சார சபைதான் எங்கட பெரிய பற்றறி" என்றோம். அந்த வசனம் எங்களுக்கே நல்லாப் பிடித்திருந்தது. சித்தப்பாவுக்கும் வட்ஸ்அப்பில் அனுப்பினோம்.

அப்பா ஏன் அப்படிக் கேட்டார் என்று நாங்கள் யோசிக்கவில்லை. அவரின் தலைமுறைக்குப் பற்றறி என்பது வேறு. பொருளாதாரத் தடைக் காலத்தில் ரோச்சுக்குப் போடுகிற பற்றறிகூட வடக்குக்குக் கொண்டுவரத் தடை செய்யப்பட்ட சாமான். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்ட ஆட்கள் அவர்கள். மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்க ஜாம் போத்தலில் விளக்குச் செய்து அந்த வெளிச்சத்தில் படித்தவர்கள். பேந்து வன்னியில் இருக்கும்போது, ஒரு படம் பார்க்கிறதுக்காக வாகனப் பற்றறியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போய்ச் சார்ஜ் போட்டு எடுத்து வந்த கதையை அப்பா நூறு தரம் சொல்லியிருக்கிறார். கறண்ட் என்பது எந்த நேரமும் நிண்டுபோகிற சாமான் என்று அவருக்குத் தெரியும். எங்களுக்கு எக்செல் தெரியும்.

உண்மையில் எங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கறண்ட் வெட்டியபோது நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அப்பப்பா இன்சுலின் போடுகிறவர். திறக்காத இன்சுலினை 2 தொடக்கம் 8 பாகைக்குள் வைக்கவேணும். அந்தக் கிழமைகளில் அம்மா ஒரு பானைக்குள் ஈரமணல் போட்டு, அதுக்குள் சின்ன மண்சட்டியை இறக்கி, அதில் மருந்தை வைத்து ஈரத்துணியால் மூடி வைப்பா. அது பிரிட்ஜ் மாதிரிக் குளிராது, வெளியில் இருக்கிற வெக்கையை விடப் பரவாயில்லை, அவ்வளவுதான். பிறகு 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலுக்கு முன், பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு பாய்ந்தது என்று சொல்லி முழு நாடும் இருண்டது. எல்லாரும் மீம் போட்டோம். அதே வருடம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சோலார் வைத்திருக்கிறவர்கள் பின்னேரம் 3 மணி வரைக்கும் அதை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டது. வெயில் உச்சத்தில் நிற்க, தொழிற்சாலைகள் பூட்டிக் கிடக்க, உற்பத்தி கூடித் தேவை குறைந்தால் கட்டமைப்பு தளம்பும் என்பதுதான் காரணம். அதாவது 'பெரிய பற்றறி' என்று நாங்கள் பேர் வைத்தது, எங்கட கறண்டை எடுத்துவைக்க இடம் இல்லாமல் நின்றது. இவ்வளவையும் வாசித்த பிறகுதான் நாங்கள் கையெழுத்து வைத்தோம்.

சரி, வெயில் இருந்தும் ஏன் வீடு இருண்டது? பற்றறி இல்லாத சாதாரண 'ஒன் கிரிட்' இன்வேர்ட்டர் தானாக நின்று வேலை செய்யாது. வெளிவயரில் வருகிற மின்னோட்டத்தின் தாளத்தைப் பிடித்துக்கொண்டுதான் அது ஓடும். வெளியில் கறண்ட் நின்றால் கண்மூடித் திறக்கிற நேரத்தில் அதுவும் தன்னை நிறுத்திக்கொள்ள வேண்டும், அது கட்டாயம். இல்லையென்றால் கம்பம் விழுந்த இடத்தில், லைன் செத்துவிட்டது என்று நம்பி ஏறுகிற ஊழியருக்கு எங்கட கூரையிலிருந்து போகிற கறண்ட் அடிக்கும். அந்தக் காரணத்தைக் கேட்ட பிறகு கோபிக்கவும் முடியவில்லை. விற்க வந்தவர் இதைச் சொல்லியிருக்கலாம்தான். அவர் பொய் சொல்லவில்லை, நாங்கள் கேட்காததைச் சொல்லவில்லை.

புயலுக்குப் பிறகு எங்கட பக்கம் மூன்று நாள் கறண்ட் இல்லை. பிரிட்ஜைத் திறக்காமல் வைத்திருந்தால் நாலு மணித்தியாலம் அளவில் குளிர் நிற்கும். அதுக்குப் பிறகு அதுவும் ஒரு அலுமாரிதான். இரண்டாம் நாள் காலை அம்மா இன்சுலினைத் தம்பியின் பழைய சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து, மூடியில் அப்பப்பாவின் பேரை எழுதித் தந்தா. வெள்ளத்துக்குள்ளால் சைக்கிளை உருட்டிக்கொண்டு சந்திக் கடைக்குப் போனோம். அங்கே ஜெனரேற்றர் இருந்தது. முதலாளி யோகட்டுகளைத் தள்ளிவிட்டு ஒரு மூலையில் இடம் தந்தார். "நீங்கள் சோலார் வீடெல்லோ?" என்று மட்டும் கேட்டார். நக்கலாகக் கேட்கவில்லை. அதுதான் இன்னும் வெட்கமாக இருந்தது.

இப்போது திரும்பவும் கணக்குப் போடுகிறோம். ஏற்கனவே போட்ட சிஸ்டத்தில் பற்றறி சேர்க்கிறது லேசில்லை. எங்கட இன்வேர்ட்டரில் பற்றறி கொழுவ இடமே இல்லை. அதைக் கழற்றி ஹைபிரிட் போட வேணும், இல்லாவிட்டால் பற்றறிக்கென்று இன்னொரு இன்வேர்ட்டரைப் பக்கத்தில் வைக்க வேணும். இரண்டுக்கும் செலவு, இரண்டுக்கும் திரும்ப அனுமதி எடுக்கிற அலைச்சல். இதை வாசிக்கிற யாராவது புதிதாகப் போடுவதென்றால், இப்போது பற்றறிக்குக் காசு இல்லாவிட்டாலும் ஹைபிரிட் இன்வேர்ட்டராகவே எடுங்கோ, பற்றறியைப் பிறகு வாங்கலாம். நாங்கள் செய்யாமல் விட்டது அதைத்தான். ஈய அமிலப் பற்றறி விலை குறைவு, ஆனால் அதில் பாதிக்கு மேல் இறக்கினால் கெதியாய்ச் செத்துவிடும். லிதியம் இரும்பு பொஸ்பேற் என்றால் பத்தில் ஒன்பது பங்கைத் துணிந்து எடுக்கலாம், கனகாலம் நிற்கும். இரவு உச்ச நேரத்தில் பற்றறியிலிருந்து கொடுத்தால் கூடின விலை என்கிற கதையும் இப்போது வந்திருக்கிறது. 27 ரூபா போன மாதிரி அதுவும் போகலாம் என்று அப்பா சொல்கிறார். இந்தமுறை நாங்கள் வாதாடவில்லை.

இன்னொரு வழி, கூரைச் சிஸ்டத்தை அப்படியே விட்டுவிட்டு, பிரிட்ஜுக்கு மட்டும் ஒரு சின்ன இன்வேர்ட்டரும் 12 வோல்ற் 100 அம்பியர் மணி லிதியம் பற்றறியும் தனியாக வைப்பது. அதில் 1.2 யூனிற் அளவில் நிற்கும். பிரிட்ஜ் ஒரு நாளுக்குக் கிட்ட ஓடும். மூன்று நாள் மழை என்றால் அதைச் சார்ஜ் பண்ணத் தனியாக இரண்டு பனல் வேணும், முகில் நாளில் அதுவும் கொஞ்சமாகத்தான் தரும். தம்பி இதைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அம்மாவுக்கு மின்விசிறியும் வேணும், அப்பப்பாவுக்கு நுளம்பும் வெக்கையும் தாங்காது.

போன கிழமை அப்பா பழைய கொப்பி ஒன்றின் பின்பக்கத்தில், கறண்ட் போனாலும் ஓட வேண்டிய சாமான்களை எழுதி வைத்திருந்தார். தண்ணி மோட்டரை எழுதி வெட்டியிருந்தார், அயன்பெட்டியை எழுதவேயில்லை. தம்பி பக்கத்தில் கணக்கைப் போட்டான். பிரிட்ஜ் 1.2, இரண்டு மின்விசிறி பத்து மணித்தியாலம் 1.2, ஐந்து பல்ப் கால் யூனிற்றுக்குக் கொஞ்சம் மேலே, ரவுட்டர் கால் யூனிற். எல்லாம் சேர்த்து நாளுக்கு 3 யூனிற் வரவில்லை. 5 யூனிற் பற்றறி ஒன்று தாராளமாகக் காணும்.

கடைசி வரியில் அப்பா "ஒழுங்கை ஆக்களின்ர போன் 15" என்று எழுதியிருந்தார். தம்பி அதையும் பெருக்கிப் பார்த்தான். பதினைந்துக்கும் சேர்த்து மூன்றில் ஒரு யூனிற்.