திருவொற்றியூர்ப் புரவி

முதுகலை மாணவர்க்குப் பட்டினப்பாலை நடத்தும்போது, காவிரிப்பூம்பட்டினத்து வீதிகளில் குவிந்து கிடந்த பண்டங்களின் பட்டியல் வந்ததும் வகுப்பு சற்றே நிமிர்ந்து உட்காரும். அப்பட்டியலில் முதலிடம் பெறுவது, கடல் கடந்து கலங்களில் வந்திறங்கிய குதிரை. மிளகு மூடையும் பொன்னும் மணியும் அதன் பின்னரே வருகின்றன. கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஏன் குதிரையை முன்னிறுத்தினார் என்று ஆண்டுதோறும் எவரேனும் ஒரு மாணவர் கேட்பதுண்டு. "கையில் பணம் இருந்தால் முதலில் என்ன வாங்குவாய்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். பையன்களின் விடை பெரும்பாலும் ஒன்றுதான்: வண்டி.

விரைவின் மீது மனிதன் கொண்ட காதல் பழையது. அதற்கு அவன் கொடுத்த விலையும் சிறிதன்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டுக் காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, ஹோர்முஸ், கிஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரை ஏற்றிவரும் கப்பல்கள் அங்கே வந்தடைந்ததைக் குறிப்பிடுகிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப், ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்ப மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் செய்துகொண்ட உடன்படிக்கையை விரித்துரைக்கிறார். குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தினார். வழியிலேயே இறந்துபட்ட குதிரைக்கும் அதே விலை. இத்தனை பொன் கொடுத்து வாங்கியவை ஓராண்டுக்குள் பெரும்பாலும் மடிந்தன. குதிரை மருத்துவம் அறிந்தவர்களை வணிகர்களே இங்கு வரவிடாமல் தடுத்தனர், மேலும் மேலும் விற்கலாம் என்பதற்காக என்று போலோ குற்றம் சாட்டுகிறார். அது செவிவழிச் செய்தியாகவே இருக்கக்கூடும். வேகவைத்த சோறும் இறைச்சியும் தின்ன நேர்ந்த அரபுக் குதிரைக்கு வேறு பகைவர் வேண்டியதில்லை. ஆயினும், உதிரிப் பாகம் கிடைக்காத பழைய வண்டியை வைத்திருப்பவர் எவரும் போலோவின் கூற்றைச் சட்டென்று நம்பிவிடுவர்.

இராயபுரத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு வாய்த்த குதிரைக் கனவு, புல்லட். சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் ஒரு காலத்தில் நடைபெற்ற மோட்டார்ப் பந்தயங்களைக் கண்டு வந்த எங்கள் தெருப் பெரியவர்கள், தாழ்ந்து பறக்கும் பந்தயக் கார்களைப் பற்றிப் பேசிப் பேசிப் பொழுது போக்குவர். அக்கார்கள் அவர்களுடைய பேச்சுக்கு எட்டின; கைக்கு எட்டவில்லை. புல்லட்டோ எங்கள் பக்கத்து ஊர்க்காரன். இங்கிலாந்தின் ரெடிச் நகரில் தோன்றிய அவ்வண்டியை இங்கே செய்வதற்காக, மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாரோடு இணைந்து 1955இல் 'என்ஃபீல்டு இந்தியா' தொடங்கப்பெற்றது. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. தொடக்கத்தில் பாகங்களைக் கப்பலில் வருவித்துப் பூட்டினர். பின்னர் வார்ப்பு எந்திரங்களும் அச்சுகளும் இங்கேயே வந்து சேர்ந்தன. 1967இல் ரெடிச் ஆலை மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்தில் அவ்வண்டியின் உற்பத்தியே நின்றது. திருவொற்றியூர் நிற்கவில்லை. 1977இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதியாயிற்று. தாய்வீட்டில் மறந்துபோன பாட்டை மகள் வீட்டிலிருந்து கேட்டு வாங்கிய கதை அது.

நான் விரும்பியது புதிய புல்லட் அன்று. உருளையை வார்ப்பிரும்பில் செய்த பழைய 350. 346 கன சென்டிமீட்டர் கொள்ளளவு, 70 மில்லிமீட்டர் குறுக்களவு, 90 மில்லிமீட்டர் வீச்சு. வீச்சு நீண்டிருப்பதால் இயந்திரம் நிதானமாகச் சுழலும். ஒவ்வொரு வெடிப்பும் காதில் தனித்தனியே விழும். கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். அதனைக் கிளப்புவதே ஒரு கல்வி. அம்மீட்டர் முள் நடுவே வந்து நிற்கும்வரை மெல்ல மிதித்து, கைப்பிடியருகே உள்ள சிறு நெம்பைப் பிடித்து உருளையின் அழுத்தத்தை விடுவித்து, மேலும் சற்றே மிதித்து, நெம்பை விட்டுவிட்டு, பின்னரே ஓங்கி உதைத்தல் வேண்டும். முறை தவறினால் மிதிகட்டை திருப்பி அடித்துக் கணுக்காலைப் பதம் பார்க்கும். 2000களின் இறுதியில் அவ்வகை இயந்திரத்தை ஆலை கைவிட்டது. ஆகவே அதனை விரும்புவோர் பிறர் கையிலிருந்துதான் வாங்கியாக வேண்டும்.

வட்டிக் கடனில் வண்டி வாங்குவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. ஆண்டுதோறும் விடைத்தாள் திருத்திப் பெற்ற ஊதியத்தைத் தனியே ஒதுக்கி வைத்தேன். 2011இல் தேடத் தொடங்கினேன். புதுப்பேட்டையிலும் வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் எத்தனை வண்டிகளைப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. நான் பார்க்கச் செல்வதற்குள் இயந்திரத்தைச் சூடாக்கி வைத்துவிடுவார்கள். சூடான இயந்திரம் யார் உதைத்தாலும் கிளம்பும், அதன் நோய் குளிர்ந்த பின்னரே தெரியும். ஒரு வண்டியின் தொட்டி கண்ணாடியாய் மின்னியது. காந்தத்தை வைத்தால் ஒட்டவில்லை, துருப்பிடித்த ஓட்டையெல்லாம் பட்டி பூசி மறைத்திருந்தனர். கடற்காற்று வீசும் எங்கள் பகுதி வண்டிகளுக்கு இது பொது நோய். மற்றொன்றில் சட்டத்தில் பொறித்த எண்ணுக்கும் பதிவுப் புத்தகத்து எண்ணுக்கும் உறவே இல்லை. திருவிளையாடற் புராணத்தில் நரி பரியானதும், இரவோடு இரவாகப் பரி மீண்டும் நரியானதும் படித்திருக்கிறோம். அது இறைவன் திருவிளையாடல். இது தரகர் விளையாடல். ஆனால் விடிந்ததும் கொட்டிலில் நிற்பது இரண்டிலும் ஒன்றே.

ஈரம் பட்ட தானியத்தைக் குவியலின் அடியில் மறைத்து வைத்திருந்த வணிகரை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடிந்துகொண்ட செய்தியை அறியாதார் நம்மில் இலர். கைவிட்டுப் பார்த்தபோது விரலில் ஈரம் பட்டதாம். அந்தத் தரகர்களிடையே நின்றபோதெல்லாம் அச்செய்தியே என் துணை. குறையைச் சொல்லி விற்க வேண்டியது விற்பவர் கடமை. அதனைக் கேட்டுப் பெறுவது என் உரிமை என்று எண்ணியிருந்தேன். அக்கணக்கில் எனக்கும் ஒரு கடமை எழுதப்பட்டிருந்தது 2018இல் தெரிய வந்தது.

அவ்வாண்டு, மாணவர் ஒருவர் சொல்லித் திருவொற்றியூரில் ஒரு வீட்டிற்குச் சென்றேன். அவ்வீட்டுப் பெரியவர் ஆலையிலேயே பணியாற்றி ஓய்வு பெற்றவர். மறைந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. படிக்கட்டின் கீழே, பழைய போர்வை போர்த்தி, அவருடைய 1974ஆம் ஆண்டு வண்டி நின்றது. சக்கரங்களில் காற்றில்லை, தொட்டியின் பொற்கோடுகள் மட்டும் மங்காமல் இருந்தன. எண்கள் பொருந்தின. எந்தப் பாகமும் மாற்றப்படவில்லை. பெட்டியில் அவர் கைப்பட எழுதிய சிறு குறிப்பேடு: எண்ணெய் மாற்றிய நாள், சங்கிலி மாற்றிய நாள், பிளாட்டினம் தேய்த்த நாள்.

"எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் அம்மா?" என்றேன்.

"காயலான் கடைக்காரர் பத்தாயிரம் சொன்னாரு பாய். நீங்க பன்னிரண்டு கொடுத்து எடுத்துக்குங்க."

அவ்வண்டி ஓடாத நிலையிலும் ஐம்பதாயிரத்திற்குக் குறையாது என்பது எனக்குத் தெரியும். ஏழாண்டு அலைந்தவனுக்கு விலை தெரியாமல் இராது. "நாளை வருகிறேன்" என்று மட்டும் சொல்லி வந்துவிட்டேன்.

வீட்டில் அன்றிரவு பெரிய வழக்கே நடந்தது. என் மைத்துனர் அரபிக் கல்லூரியில் ஓதியவர். "அவர் கேட்ட விலையைக் கொடுக்கிறீர்கள். மனம் ஒப்பி விற்கிறார். இதில் என்ன தடை?" என்றார். அவர் சொன்னது சட்டப்படி சரி. என் துணைவியாரோ, "வண்டியே வேண்டாம் என்பதுதான் என் கட்சி. வாங்குவதானால் பிறகு தூக்கம் கெடாதபடி வாங்குங்கள்" என்று சொல்லிவிட்டு உறங்கச் சென்றார்.

நபித்தோழர் ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களைப் பற்றி ஒரு செய்தி உண்டு. அவருக்காக அவருடைய பணியாள் 300 திர்ஹத்திற்கு ஒரு குதிரையை விலை பேசி, பணம் பெற்றுக்கொள்ள உரியவரையும் அழைத்து வந்தார். குதிரையைப் பார்த்த ஜரீர் (ரலி), "உம் குதிரை இதனினும் மேலானது, 400க்குத் தருவீரா?" என்றார். பிறகு 500 என்றார். இவ்வாறு தாமே ஏற்றி ஏற்றி 800இல் முடித்தார். எல்லோருக்கும் நன்மையே நாடுவேன் என்று நபிகளாரிடம் தாம் அளித்த உறுதிமொழியை அதற்குக் காரணமாகச் சொன்னார். அதுவும் குதிரை வாணிகந்தான் என்பது அன்றிரவு என்னை விடவில்லை.

வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதிக் குறளை வாணிகர்க்கு ஒதுக்கினார். கொள்வது மிகையாகாமலும் கொடுப்பது குறையாகாமலும் ஒப்ப நாடிச் செய்தல் என்று அதற்குப் பரிமேலழகர் பொருள் விரிக்கிறார். பட்டினப்பாலை தன் வணிகரைப் போற்றுவதும் ஏறத்தாழ இதே கருத்தால்தான். கொடுப்பதைப் பற்றி மட்டும் சொல்லி இவர்கள் நிறுத்தவில்லை. கொள்வதை முன்னே வைத்தார்கள். வாங்குகிறவனும் வணிகனே என்பது இவ்வுரையில் அடங்கியிருக்கிறது. தேர்வுக்கு வேண்டிய அளவில் படிப்பவர்கள் இதைக் கடந்து போய்விடுவர். என்னிடம் படித்தவர்கள் 2018க்குப் பின் கடக்க முடிவதில்லை.

மறுநாள் சென்று, "அம்மா, இது ஐம்பதாயிரம் பெறும், அதைத் தருகிறேன்" என்றேன்.

மகிழ்வார் என்று எண்ணினேன். முகம் மாறிவிட்டது. கதவைச் சற்றே சாத்திக்கொண்டார். "ஏன் பாய், இதுல ஏதாவது வில்லங்கம் இருக்கா? தானா யாரு விலையை ஏத்துவாங்க? என் பையன் வரட்டும்" என்றார். நியாயமான ஐயந்தான். பட்டினத்தில் தனித்து வாழும் ஒரு பெண்மணி, கேட்டதற்கு நான்கு மடங்கு தருகிறேன் என்பவனை வீட்டுக்குள் விடுவாரா? மகன் வெளியூரில் பணியிலிருந்தார். பத்து நாள் காத்திருந்தேன். இடையில் அக்காயலான் கடைக்காரர் பதினைந்தாயிரத்தோடு வந்து போனதாகக் கேள்வியுற்றபோது அடிவயிறு கலங்கியது. ஜரீர் (ரலி) அவர்களுக்கு இந்தப் பத்து நாள் இருந்திராது.

மகன் வந்தார். என்னைச் சந்திப்பதற்கு முன்பே நண்பர்கள் வழியே விலையை விசாரித்திருந்தார். "ஐம்பது சரிதான் சார்" என்றார். பிறகு, தம் தந்தையின் குறிப்பேட்டைப் புரட்டி, ஒரு பக்கத்தை என் முன்னே நீட்டினார். 1996இல் சங்கிலி அறுந்து இயந்திரக் கூட்டில் விரிசல் கண்டு, பற்றவைத்த செய்தி அதில் இருந்தது. "இதைப் பார்த்தீர்களா? இதற்குக் குறைத்துக்கொள்ளலாம்" என்றார். நான் பார்த்திருக்கவில்லை, எண்ணெய்க் கறையின் கீழ் அது மறைந்திருந்தது. நாற்பத்தாறாயிரத்தில் முடிந்தது. ஒருவர் ஏற்ற, மற்றவர் இறக்க, இப்படியும் ஒரு பேரம் எங்கள் வடசென்னையில் நடந்தது. அந்த அம்மையார் மட்டும் கடைசிவரை எங்கள் இருவரையும் நம்பாத பார்வையுடனேயே தேநீர் கொடுத்தார்.

பதிவு மாற்றம் தனிக் காண்டம். உரியவர் மறைந்துவிட்டதால், வாரிசுச் சான்றிதழுடன் படிவம் 31 கொடுத்து முதலில் அவர் மனைவியார் பெயருக்கு. பிறகு 29, 30 ஆகிய படிவங்கள் வழியே என் பெயருக்கு. சட்டத்தில் பொறித்த எண்ணின் மீது தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்தபோது, கல்வெட்டுப் படி எடுக்கக் கற்ற நாள்கள் நினைவுக்கு வந்தன. கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் இறைவசனமே திருக்குர்ஆனில் மிக நீண்டது. போக்குவரத்து அலுவலக வரிசையில் நின்ற மூன்று காலைப்பொழுதுகளில் அதன் நீளத்தை நான் நன்கு உணர்ந்தேன்.

வண்டியை மீன்பாடி வண்டியில் ஏற்றி இராயபுரம் கொணர்ந்தோம். ஒதுக்கிய பணம் விலைக்கே சரியாகிவிட்டது. பழுதுபார்க்க மைத்துனரே அழகிய கடனாகப் பதினெட்டாயிரம் தந்தார், இரவு வழக்கில் தோற்றதற்கு அபராதம் என்று சொல்லிக்கொண்டு. கடைசல் பட்டறையில் உருளையைக் கடைந்து பெரிய பிஸ்டன் பொருத்தினார்கள். விரிசலை மீண்டும் பற்றவைக்கலாமா என்று கேட்டேன். மேஸ்திரி அந்தப் பழைய பற்றைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ஆலைக்காரர் கை. தொடாதீங்க சார்" என்றார். இருபத்திரண்டு ஆண்டு தாங்கிய பற்று இன்றும் தாங்குகிறது. சொட்டுச் சொட்டாக எண்ணெய் கசிவது வேறோரிடத்தில். அந்த இடத்தை மேஸ்திரி இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.