சீட்டும் சிசுவும்

அவசரம் என்னும் சொல் பேராக் தமிழருக்குப் புதியதன்று. 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆந் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டே நாட்களில் மலாயாக் கூட்டரசு முழுவதற்கும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது நீங்க 1960 வரை சென்றது. அம்மூவர் உயிரும் உயிரே, மறுப்பாரில்லை. ஆனால், தொழிலாளி ஒருவனின் குழந்தை மூச்சுக்குத் தவிக்கும்பொழுது, அதனை அவசரம் என்று அறிவிப்பவர் யார்? இக்கேள்வி நம்மை மூன்றாண்டுகளாக உறுத்தி வருகின்றது. ஓரிரவு அவ்வறிவிப்பைச் செய்திருக்க வேண்டியவருள் நாமும் ஒருவர், செய்யாது வாளாவிருந்தோம்.

நாம் தோட்டக் கிராணி. ஈப்போவில் ஆங்கிலவழிக் கல்வி பெற்றோம். பேரேடும் சீட்டுமே நம் பிழைப்பு. பால்மரங்கள் நின்ற சரிவெல்லாம் இன்று செம்பனை. தோட்டத்து ஆஸ்பத்திரி இருந்த கட்டடத்தில் உர மூட்டைகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. நள்ளிரவிலும் கதவு தட்டினால் எழுந்து வந்த டிரசரைப் பற்றிப் பெரியவர்கள் கதை சொல்லுவார்கள், நாம் கண்டதில்லை.

அன்று நல்ல மழை. பத்து மாதக் குழந்தையைத் தோளிற் சார்த்திக்கொண்டு ஒரு தாயும் அவளுடைய மாமியாரும் நம் வாயிலில் நின்றார்கள். "கிராணியாரையா, பிள்ளைக்கு மூச்சு இழுக்குது, ஆஸ்பத்திரிக்குச் சீட்டு வேணும்" என்றாள் கிழவி. நாம் என்ன செய்தோம்? அலுவலகத்தைத் திறந்தோம், விளக்கைப் போட்டோம், தகப்பன் பெயர், வேலை எண், குழந்தையின் பெயர், வயது யாவும் கேட்டோம், அழகிய கையெழுத்தில் எழுதி முத்திரையும் குத்தினோம். பத்து நிமிஷம் போயிற்று. அச்சீட்டின் நகல் இன்றும் கோப்பில் இருக்கின்றது. எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.

நம் காரிலேயே அழைத்துச் சென்றோம். சேர்ந்த இடம் ஒரு சிற்றூர் மருத்துவமனை. வட பேராக்கா, தென் பேராக்கா என்று கேளாதீர்கள். பெயர் சொல்லிப் பழி தூற்றுவது நம் நோக்கமன்று. முகப்பில் இருந்தவர் தலை நிமிராமலே சீட்டை வாங்கினார். எண் ஒன்று கொடுத்தார். நமக்கு முன் ஏழு பேர். வரிசையைக் காப்பதே நாகரிகம் என்று பள்ளியிற் படித்தவரல்லவா நாம்? பெஞ்சில் அமர்ந்தோம். சற்று நேரத்தில் குழந்தையின் அழுகை நின்றது. "தூங்கிட்டான்" என்றாள் தாய். நாமும் ஆறுதலடைந்தோம்.

அவ்வழியே சென்ற செவிலித்தாய் ஒருவர் நின்றார். சீட்டைக் கேட்கவில்லை. துணியை விலக்கினார். மூச்சிழுக்குந்தோறும் விலாவின் கீழ்ப்புறம் உள்ளே குழிவதையும், மூக்கு விடைப்பதையும் பார்த்தார். மறுகணம் குழந்தை அவர் கையில் இருந்தது; அவர் ஓடினார். பிராணவாயு கொடுத்து, ஆம்புலன்சில் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். பிள்ளை பிழைத்தான், இன்று பாலர் பள்ளிக்குப் போகின்றான். "அவன் விதி கெட்டி" என்கிறாள் பாட்டி. விதியாவது! ஒருவர் கண் திறந்து பார்த்தார்; அவ்வளவே. பாராதிருந்திருப்பின், அதற்கும் விதியென்றே பெயரிட்டுப் புதைத்திருப்போம்.

குழந்தை என்பது சிறிய உருவிலுள்ள பெரிய மனிதனன்று. அதன் மூச்சுக்குழல் மிகக் குறுகியது. சிறிது வீங்கினும் சளி அடைப்பினும் வழி பெரிதும் அடைபடும். பெரியவர் நோவு தாளாமற் கூவுவார். குழந்தையோ களைத்து மௌனமாகும். அந்த மௌனத்தையே நாம் உறக்கமென்று கொண்டோம். இரண்டு மாதத்திற்குட்பட்ட சிசு நிமிஷத்திற்கு 60 முறையும், ஓராண்டு நிரம்பாதது 50 முறையும், ஐந்து வயதிற்குட்பட்டது 40 முறையும், அல்லது அதற்கு மேலும் மூச்சு விடுமாயின் அபாயம் என்று உலகச் சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. இதனை எண்ண ஒரு கடிகாரம் போதாதா?

மருந்தின் அளவோ எடையைப் பொறுத்தது. துடிக்கும் பிள்ளையைத் தராசில் ஏற்ற நேரமேது? வட கரோலினா மருத்துவர் ஜேம்ஸ் புரோசுலோ 1980களில் ராபர்ட் லூட்டன் என்பாருடன் சேர்ந்து வண்ண நாடா ஒன்றை அமைத்தார். குழந்தையின் நீளத்தை அளந்தால் ஏறத்தாழ எடையும், அதற்கேற்ற மருந்தளவும் அதிலேயே தெரியும்.

இவையெல்லாம் செல்வ நாட்டுக்கே ஆகுமென்பார் மலாவியைப் பார்க்கட்டும். ஆப்பிரிக்காவின் மிக ஏழை நாடுகளுள் ஒன்று அது. அங்கே பிளாண்டைர் நகர மருத்துவமனையில், வந்த பிள்ளைகளை வரிசைப்படி பாராமல், நோயின் கடுமைப்படி முதலில் பிரித்துப் பார்க்கத் தலைப்பட்டனர். அனுமதிக்கப்பட்ட குழந்தைகளுள் முன்பு நூற்றுக்கு 10 முதல் 18 வரை மாண்டனர். பின்னர் அது 6 முதல் 8 ஆகக் குறைந்தது. 2006இல் வெளிவந்த கணக்கு இது. மாளிகை எழுப்பியன்று, முறையை மாற்றியே பெரும்பயன் கண்டனர்.

நம் நாட்டிலும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்னும் பிரிவுகள் உண்டு. சுவரில் நிறம் இருந்தால் மட்டும் போதுமா? முகப்பில் இருப்பவரின் கண்ணிலும் அது இருத்தல் வேண்டும். சிற்றூர் மருத்துவமனை ஒவ்வொன்றிலும் குழந்தை முகத்திற்கேற்ற மூச்சுக் கவசமும் அளவு நாடாவும், அவற்றைக் கையாளப் பயின்றவரும் இரவிலும் இருத்தல் வேண்டும். ஈப்போ தொலைவிலிருக்கின்றது, முதல் அரைமணி அருகிலிருப்பவர் கையிலேயே இருக்கின்றது.

தோட்டத்து மக்களுக்கும் ஒரு சொல். பால் குடியாமை, விலா குழிதல், வலிப்பு, எழுப்பினும் எழாமை, உதடு நீலம் பாய்தல் ஆகிய இவற்றைக் கண்டால் சீட்டுக்கு நிற்காதீர்கள், 999ஐ அழையுங்கள். மருத்துவமனை வாயிலில் அடக்கமாய் அமராதீர்கள், "பிள்ளைக்கு மூச்சு முட்டுகிறது!" என்று உரக்கச் சொல்லுங்கள். அது மரியாதைக் குறைவன்று.

நம் அலுவலகத்தில் இப்பொழுது வழக்கம் மாறிவிட்டது. முதலில் கார் புறப்படும். சீட்டை மறுநாட் காலையில் எழுதுவோம். எழுதுகோல் பிடித்த தோழர்காள், நீங்களும் முதலிற் பாருங்கள்; பிறகு எழுதுங்கள்.