கேட்டுக் கற்றல்

தமிழில் 'கேள்' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. செவிமடுப்பதும் கேட்பதே, வினவுவதும் கேட்பதே. கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்களை அடுத்துத் திருவள்ளுவர் வைத்த 'கேள்வி' அதிகாரம் முதற்பொருளைப் போற்றுகிறது. இரண்டாம் பொருளையோ நம் இல்லங்களும் பள்ளிகளும் அவ்வளவாகப் போற்றியதில்லை. வாய் திறவாத பிள்ளையே நல்ல பிள்ளை என்பது நம் ஊர்களில் ஊறிப்போன எண்ணம்.

செல்லிப்பட்டில் ஒரு குடும்பத்தைச் சந்திக்கச் சென்றிருந்தேன். அவ்வீட்டு மகள் கணிப்பொறி அறிவியல் பயில்கிறாள். அக்குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். கோட்பாட்டுத் தாள் ஒன்றில் இருமுறை தேறவில்லை. "படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகலாமென்று நினைக்கிறேன், சாமி. கணிப்பொறி படிக்கப் போன இடத்தில் மொழி, இலக்கணம், தானியங்கி என்று என்னென்னவோ வருகிறது" என்றாள். "புரியாததை வகுப்பில் கேட்டாயா, அம்மா?" என்றேன். "கேட்டால் சிரிப்பார்கள், சாமி" என்றாள். நடவு வேலைக்குப் போய் அவளைப் படிக்க வைக்கும் தாய், "எனக்குத்தான் எழுத்து வாசனை இல்லாமல் போயிற்று" என்று சொல்லி, மேலே பேசாமல் நின்றார்.

அவர் நின்ற வாசலில் காலையில் இட்ட புள்ளிக் கோலம் இன்னும் அழியாதிருந்தது. அதைக் காட்டியே நான் பேசத் தொடங்கினேன். ஏனெனில் அப்பெண் அஞ்சிய அதே பாடத்திற்கும் அக்கோலத்திற்கும் நெருங்கிய உறவு உண்டு. தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணி, அவர்தம் துணைவியார் ராணி சிரோமணி, அவரிடம் ஆய்வு பயின்ற கமலா கிருதிவாசன் ஆகிய மூவரும் 1974-ஆம் ஆண்டு கோலத்தின் இலக்கணத்தைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். சில விதிகளைக் கொண்டு எண்ணற்ற வாக்கியங்களை ஆக்குவது மொழியின் இலக்கணம். அவ்வாறே சில விதிகளைத் திரும்பத் திரும்பக் கையாண்டு, சிறிதும் பெரிதுமாக எண்ணற்ற கோலங்களை ஆக்கலாம் என்று அவர்கள் காட்டினர். செடிகளின் வளர்ச்சியை விளக்க அரிஸ்டிட் லிண்டன்மேயர் 1968-இல் வகுத்த விதிமுறையாலும் சில கோலங்களை வரைய முடியும் எனப் பின்னர் கண்டனர். எழுத்து வாசனை இல்லை என்று தலைகுனிந்த அத்தாயின் விரல்களில் உலக அறிஞர் ஆராயும் ஓர் இலக்கணம் குடியிருந்தது.

"இதை எப்படியம்மா கற்றீர்கள்?" என்று தாயிடம் கேட்டேன். "என் அம்மா போடுவதைப் பார்த்துத்தான். ஆனால் பார்த்தது மட்டும் போதாது, சாமி. நானே போட்டுவிட்டு, 'இது சரியா?' என்று கேட்பேன். 'இந்தப் புள்ளியைக் கம்பி சுற்றவில்லையே' என்று காட்டுவார். அழித்துவிட்டு மறுபடியும் போடுவேன்" என்றார்.

கற்றலைப் பற்றிய கணிப்பொறிக் கோட்பாட்டின் சாரத்தை அவர் அறியாமலே உரைத்துவிட்டார். மார்க் கோல்டு என்பவர் 1967-இல் ஓர் உண்மையை நிறுவினார். சரியான எடுத்துக்காட்டுகளை மட்டுமே ஒருவருக்குக் காட்டிக்கொண்டிருந்தால், மிக எளிய இலக்கண வகைகளுள் ஒன்றைக்கூட அவர் முழுமையாகக் கற்றுவிடுவார் என்பதற்கு உறுதியில்லை. காரணம் இதுதான்: கற்பவர் விதியை அளவுக்கு மீறி விரித்து எண்ணிக்கொண்டால், அதைத் தவறென்று காட்ட எந்தச் சரியான எடுத்துக்காட்டாலும் இயலாது. இருபது ஆண்டுகள் கழித்து, 1987-இல், டானா ஆங்லூயின் என்னும் அம்மையார் இதன் மறுபக்கத்தைக் காட்டினார். கற்பவருக்கு இரண்டு கேள்விகளை உரிமையாகத் தந்தால் போதும். 'இது சேருமா?' என்பது ஒன்று. 'நான் எண்ணுவது சரிதானா?' என்பது மற்றொன்று. சரியில்லை என்றால் ஆசிரியர் ஒரே ஒரு எதிர்மாதிரியைக் காட்ட வேண்டும். அப்போது அதே வகை இலக்கணத்தைப் பிழையறக் கற்க முடியும். அதுவும் நியாயமான கால அளவுக்குள். 'இந்தப் புள்ளியைக் கம்பி சுற்றவில்லையே' என்ற அந்தப் பாட்டியின் சொல், அத்தகைய எதிர்மாதிரியே அன்றோ?

அப்பெண் தாயின் அருகே அமர்ந்து, ஐந்து புள்ளிக் கோலம் ஏழு புள்ளியாக எப்படி வளர்கிறது என்று கேட்கத் தொடங்கினாள். தாய் விடை சொன்னார். நான் விடைபெற்றேன். அந்தத் தாளை அவள் மீண்டும் எழுதவிருக்கிறாள். இம்முறை வகுப்பில் கை உயர்த்துவதாகச் சொல்லியிருக்கிறாள்; எனக்கு அதுவே பெரிது.

குருமடத்தில் நாங்கள் பயின்ற புனித தோமா அக்குவினாரின் இறையியல் தொகுப்பு, கேள்விகளாலேயே கட்டப்பட்டது. தம் கருத்துக்கு எதிரான வாதங்களை முதலில் அடுக்கி, அதன் பின்னரே அவர் தம் விடையைக் கூறுவார். இறுதியில் ஒவ்வொரு வாதத்திற்கும் மறுமொழி தருவார். எதிர்வாதத்தை அஞ்சாத நம்பிக்கை அது. நம்மிடமும் சின்னக் குறிப்பிடம் இருந்தது. அதுவும் வினா விடை வடிவிலேயே அமைந்தது. ஆயினும் வினாவும் நூலினுடையது, விடையும் நூலினுடையது. மனப்பாடம் வீணென்று நான் சொல்லவில்லை. கோலத்திற்கும் முதலில் புள்ளி வைத்தாக வேண்டும். ஆனால் புள்ளிகள் மட்டுமே கோலம் ஆகிவிடா.

பன்னிரண்டு வயதில் ஆண்டவர் இயேசு எருசலேம் கோவிலில் போதகர் நடுவே அமர்ந்திருந்ததைக் கூறும் புனித லூக்கா, அவர் அவர்களுக்குச் செவிசாய்த்தார் என்கிறார். கேள்விகள் கேட்டார் என்றும் சேர்த்தே சொல்கிறார். 'கேள்' என்னும் நம் சொல்லின் இரு பொருளும் அங்கே ஒருங்கே நிற்கின்றன. வானதூதர் மங்கள வார்த்தை சொன்னபோது, இது எவ்வாறு நிகழும் என்று அன்னை மரியாவும் கேட்டார். கேட்ட பின்னரே 'ஆகட்டும்' என்றார். அவருடைய கேள்வி அவருடைய விசுவாசத்தைக் குறைக்கவில்லை.

எதைக் கேட்டாலும் நொடியில் விடை தரும் பொறிகள் வந்துவிட்ட காலம் இது. கேட்கத் தெரியாதவனுக்கு அவற்றாலும் பயன் குறைவே. ஆகவே பெற்றோரே, மறைக்கல்வி ஆசிரியப் பெருமக்களே, உங்கள் முன் அமர்ந்திருக்கும் பிள்ளை தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டால், சிரித்துவிடாதீர்கள். விடை தெரியாவிட்டால், 'சேர்ந்து தேடுவோம்' என்று சொல்லுங்கள். படிப்பை விட்டுவிட நினைக்கும் ஒரு பிள்ளையை நிறுத்தி வைக்க, சில வேளைகளில் அந்த ஒரு சொல்லே போதும்.