விருந்தினரின் முதல் வாரம்

சென்ற பிப்ரவரித் திங்களில் ஜெர்மானிய மாணவி ஒருவர் மரக்காணம் வந்து சேர்ந்தார். 2021-ஆம் ஆண்டில் அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்த கழுவெளியையும், அதனை அடுத்த உப்பளங்களில் இரை தேடும் பறவைகளையும் ஆய்வது அவர் நோக்கம். தங்க இடம் வேண்டி நம்மை நாடியபோது, உப்பளக் கூலி வேலை செய்யும் குடும்பம் ஒன்றின் வீட்டைக் காட்டினோம். பொருளில் எளியவர்கள், மனத்தில் அப்படியல்லர். வீட்டிலிருந்த ஒரே கட்டிலை மாணவிக்குக் கொடுத்துவிட்டு, மற்றவர் அனைவரும் தரையில் படுத்தனர்.

நான்காம் நாள் காலை, பாதி வேலையில் அளத்தை விட்டு, உப்புப் படிந்த கால்களோடு அவ்வீட்டுத் தாய் நம் அறை வாயிலில் வந்து நின்றார்.

"என் சோறு அந்தப் பொண்ணுக்கு ஒத்துக்கல சாமி. ராத்திரி பூரா வாந்தி. வேற வீடு பாத்துக் குடுத்துடுங்க" என்று சொல்லி, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

உடன் சென்று விசாரித்தோம். உணவில் குற்றமில்லை. மாணவி வளர்ந்த வீட்டில், தட்டில் இட்டதை மிச்சமின்றி உண்பதே மரியாதை. நம் வீடுகளிலோ, வெறுமையான தட்டைக் கண்டும் மறுசோறு இடாதிருப்பது பெரும்பிழை. தாய் இட இட மாணவி உண்டார். மாணவி உண்ண உண்ணத் தாய் இட்டார். மூன்று நாள் ஒருவரையொருவர் இவ்வாறு மதித்ததன் விளைவே அந்த வாந்தி!

கணித மேதை இராமானுஜனின் வரலாறு நம் நினைவுக்கு வந்தது. 1914 மார்ச் 17-இல் சென்னையில் 'நெவாசா' என்னும் கப்பலேறிய அவர், ஏப்ரல் 14-இல் இலண்டன் சேர்ந்தார். முன்னர்ச் சென்னைக்கு விரிவுரையாற்ற வந்து, அவரைப் பயணத்திற்கு இசையச் செய்த கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் நெவில், காரோடு காத்திருந்து வரவேற்றார். கிராம்வெல் சாலையில் இந்திய மாணவர்க்கான இல்லத்தில் சில நாள். பின்னர் கேம்பிரிட்ஜில் நெவில் தம்பதியரின் சொந்த வீடு. அயல்மண்ணில் இதனினும் நல்ல முதல் வாரத்தை அக்காலத்து மாணவர் எத்தனை பேர் பெற்றிருப்பர்?

சில வாரங்களுக்குப்பின் அவர் கல்லூரி அறைக்குக் குடிபெயர்ந்தார். அங்கே அவரைக் காணச் சென்றவர், பிற்காலத்தில் புள்ளியியலில் புகழ்பெற்ற மகலனோபிஸ். இரவில் குளிர் தாங்கவில்லை என்றும், மேலங்கி அணிந்து சால்வை போர்த்தியே படுப்பதாகவும் இராமானுஜன் கூறினார். படுக்கையறைக்குள் சென்று பார்த்தால், கட்டிலில் கம்பளிகள் இருந்தன! மேல்விரிப்பின்கீழ் இறுகச் செருகி வைக்கப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை. கம்பளிகளின்மேல் படுத்தே அவர் குளிரில் நடுங்கியிருக்கிறார். எண்களின் மறைபொருளையெல்லாம் கண்டவரிடம் போர்வையைப் பற்றிப் பேசவேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

அவரே விருந்திட்ட கதையும் உண்டு. தம் கையால் சமைத்து நண்பர்க்குப் பரிமாறினார். மூன்றாம் முறை இரசம் வார்க்க வந்தபோது, உடனிருந்த பெண்மணிகள் போதும் என்றனர். சற்று நேரத்தில் அவரைக் காணோம். மனம் புண்பட்டு ஆக்ஸ்போர்டுக்குப் போய்விட்டார்; சில நாள் கழித்தே திரும்பினார். நம் உப்பளத் தாய்க்கு அவர் மனம் நன்கு விளங்கியிருக்கும்.

இவற்றையெல்லாம் படித்தறிந்த நாம் ஏன் முன்னரே வாய் திறக்கவில்லை? படிப்பு இருக்கட்டும், பட்டதும் உண்டே! 1999-இல் ஜெர்மன் மொழி பயில ஒரு குடும்பத்தோடு தங்கினோம். முதல் இரவு, "இன்னும் கொஞ்சம்?" என்றார் வீட்டம்மை. நம்மூர் வழக்கப்படி, "வேண்டாம்" என்றோம். மறுமுறை கேட்பார், மூன்றாம் முறை வற்புறுத்துவார் என்று காத்திருந்தோம். பாத்திரத்தை மூடி எடுத்துச் சென்றுவிட்டார். அன்றிரவு பசியோடு புரண்டது இன்றும் மறக்கவில்லை. ஆயினும் மாணவியை அவ்வீட்டு வாசலில் விட்டபோது, மின்விசிறி இருக்கிறதா, கழிவறை உள்ளதா என்று மட்டும் பார்த்துத் திரும்பினோம்.

சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இம்மரக்காணமே என்பர் அறிஞர். பரிசில் பெற்ற பாணன், பெறச் செல்லும் பாணனுக்கு வழி சொல்கிறான். வழியை மட்டுமா? இப்பட்டினத்துப் பரதவர் தேறலும் சுட்ட குழல்மீனும் தருவர் என்று, எந்த ஊரில் என்ன கிடைக்கும் என்பதையும் சொல்லியே அனுப்புகிறான். நாம் காட்டியதோ வீட்டை மட்டும்!

அன்று மாலை இருவரையும் ஒருங்கே அமர்த்தி, மொழிபெயர்த்துச் சொன்னோம். போதுமானால் தட்டின்மேல் கையை விரித்து மறைக்கலாம் என்று மாணவிக்குக் காட்டினோம். தாய் நெடுநேரம் யோசித்தார்.

"அவங்க ஊர்ல வேணாம்னா நெசமாவே வேணாமா, சாமி?"

"ஆமம்மா."

"அப்போ நீங்க அங்க பட்டினியா கெடந்தீங்களா?"

வேறு வீடு தேடும் பேச்சு அத்தோடு நின்றது. இரவு உணவில் மாணவி மிகுந்த கவனத்தோடு தட்டின்மேல் இரு கைகளையும் விரித்தார். தாய் வாய்விட்டுச் சிரித்தார். பின்னர், தட்டின் ஓரத்தில் இன்னும் ஒரு துண்டு மீன் வைத்தார்.