புது ஹைப்ரிட் கார்... பிரேக்கில் என்ன சத்தம்?

புதுக் கார் வாங்கியவருக்கு முதல் ஒரு மாதம் காது நாய்க் காது மாதிரி ஆகிவிடும். பழைய காரில் கதவே கடகடத்தாலும் பாட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்துவிட்டுப் போனவர், புதுக் காரில் ஒரு சின்ன 'டக்' கேட்டாலும் ஓரம் கட்டிவிடுவார். வாங்கியது ஹைப்ரிட் என்றால் இன்னும் மோசம். சிக்னலை நெருங்கும்போது எஞ்சின் தானாக நின்றுவிடுகிறது. இத்தனை வருடமாக எஞ்சின் இரைச்சல் மூடி வைத்திருந்த சத்தமெல்லாம் அப்போது வெளியே வருகிறது. சரியாக அந்த நேரத்தில்தான் கால் பிரேக்கில் இருக்கிறது. ஆகவே எல்லாப் பழியும் பிரேக் மேல்!

பதறிப்போய் சர்வீஸ் சென்டருக்கு ஓடினால் அங்கே ஒரு பதில் தயாராக இருக்கும். "ஹைப்ரிட்னா அப்படித்தான் சார் இருக்கும்."

பெரும்பாலும் இந்தப் பதில் சரிதான். தொல்லை என்னவென்றால், ஏதோ நிஜமாகவே கெட்டுப்போயிருக்கும் நாளிலும் இதே பதில்தான் வரும். இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க வேண்டியவர் காரை தினமும் ஓட்டுபவர்தான். அதற்கு மெக்கானிக் படிப்பு வேண்டாம். எப்படிச் சத்தம் வருகிறது என்பதைவிட, எப்போது வருகிறது என்று கவனித்தால் போதும்.

முதலில் அந்த பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

சாதாரணக் காரில் பெடலை மிதித்தால் பிரேக் ஆயில் அழுத்தத்தில் பேட் போய் டிஸ்க்கைக் கவ்வும். வண்டியின் வேகம் முழுக்க சூடாக மாறி காற்றோடு போய்விடும். சுமார் 1,400 கிலோ எடையுள்ள கார் 60 கி.மீ. வேகத்திலிருந்து நின்றால் வீணாகும் சக்தி கிட்டத்தட்ட 194 கிலோஜூல். அரை லிட்டருக்கும் அதிகமான தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். ஒவ்வொரு சிக்னலிலும் ஒரு பாத்திரம் வெந்நீர் போட்டுக் கீழே கொட்டுகிற கதை.

1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா ப்ரியஸ், இந்த வெந்நீரைக் கொட்டாமல் எடுத்து வைக்கப் பார்த்தது. பெடலை மிதித்ததும் மின் மோட்டார் ஜெனரேட்டராக மாறி சக்கரத்தைப் பிடித்து இழுக்கும். கிடைக்கிற மின்சாரம் பேட்டரிக்குப் போகும். ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங் என்பது இதுதான். பேட்கள் மிச்ச வேலையை மட்டும் செய்யும். மோட்டார் எவ்வளவு, பேட் எவ்வளவு என்று நொடிக்கு நொடி பங்கு பிரிப்பது கம்ப்யூட்டர். ப்ரியஸ் வகைக் கார்களில் சாதாரண நேரத்தில் ஓட்டுநரின் கால் நேரடியாகச் சக்கரத்து பிரேக்கை அழுத்துவதுகூட இல்லை. எவ்வளவு மிதித்தார் என்று சென்சார் பார்த்துச் சொல்ல, பம்ப் முன்கூட்டியே சேர்த்து வைத்த அழுத்தத்திலிருந்து தேவையானது போகிறது.

இதில் முக்கியமான ஒரு கணக்கு இருக்கிறது. சுமார் 10 கி.மீ. வேகத்துக்குக் கீழே வந்ததும் மோட்டார் கைகழுவிவிடும், பேட் முழுப் பொறுப்பு எடுத்துக்கொள்ளும். 60 கி.மீ. வேகத்தில் இருந்த சக்தியில் 36-ல் ஒரு பங்குதான் அப்போது மிச்சம் இருக்கிறது. அதனால் மின்சார நஷ்டம் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் புதுக் கார்க்காரரின் காதுக்கு விழும் உரசல் சத்தத்தில் பெரும்பகுதி இந்தக் கடைசிச் சில மீட்டரில்தான் பிறக்கிறது.

இனி நேரத்தை வைத்து ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கதவைத் திறந்ததும் பானட் பக்கமிருந்து சில நொடிகள் 'உய்ய்ங்' என்று கேட்டால் அது பம்ப். பிரேக்குக்கு அழுத்தம் சேர்த்து வைக்கிறது. பெடலை நாலைந்து முறை மிதித்தாலும் மறுபடி ஓடும். பயப்பட வேண்டாம்.

கிளம்பி கொஞ்ச தூரம் போனதும் ஒரே ஒருமுறை 'டக்' என்று கேட்டு அடங்கினால், அது ஏபிஎஸ் தன்னைத்தானே சோதித்துக்கொள்வதாக இருக்கலாம். பல கார்களில் உண்டு.

வேகம் குறையக் குறைய மெட்ரோ ரயில் நிற்பது போல மெல்லிய ஊளை இறங்கிக்கொண்டே வந்தால் அது மோட்டார். மிகக் குறைந்த வேகத்தில் மட்டும் வெளியே ஒரு ரீங்காரம் கேட்டால், பாதசாரிகளை எச்சரிக்க வேண்டுமென்றே போடுகிற சத்தமாக இருக்கும். ஐரோப்பாவில் 2019 ஜூலை முதல் புது மாடல்களுக்கும், 2021 ஜூலை முதல் எல்லாப் புது ஹைப்ரிட், மின் கார்களுக்கும் இது கட்டாயம். இதை பிரேக் கோளாறு என்று நினைத்து அலைந்தவர்களும் உண்டு.

காலையில் முதல் இரண்டு மூன்று பிரேக்கில் மட்டும் 'கர்க்' என்று உரசினால் டிஸ்க்கில் படிந்த துரு. மழை பெய்த மறுநாள், வண்டி கழுவிய மறுநாள், கடலோர ஊர்களில் இது சகஜம். சாதாரணக் காரில் வீட்டு வாசலைத் தாண்டுவதற்குள் பேட் அதைத் தேய்த்துவிடும். ஹைப்ரிட்டில் பேட்டுக்கு வேலை குறைவு, அதனால் துரு போகவும் நேரம் ஆகும்.

நின்ற இடத்தில் பெடலை மெதுவாக விடும்போது பழைய கதவுக் கீல் போல முனகினால், பேட் டிஸ்க்கை ஒட்டி ஒட்டி விடுகிறது என்று அர்த்தம். முழுதாக விட்டால் நின்றுவிடும்.

நீண்ட மலை இறக்கத்தில் திடீரென்று எஞ்சின் கத்தினால்? பேட்டரி நிறைந்துவிட்டது, சேர்க்க இடமில்லை. ப்ரியஸ் போன்ற கார்கள் பெட்ரோல் செலவழிக்காமலே எஞ்சினைச் சுழற்றி அந்தச் சக்தியைக் கரைக்கின்றன. இதுவும் கோளாறு இல்லை.

இவற்றில் எதிலும் சேராத சத்தம் என்றால் இரண்டு சின்னச் சோதனைகள் இருக்கின்றன.

முதலாவது எண்ணிப் பார்ப்பது. 195/65 ஆர்15 அளவு டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2 மீட்டர் ஓடும். 10 கி.மீ. வேகத்தில் இரண்டு நொடிக்கு மூன்று சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு. 'ஸ்ஷ்... ஸ்ஷ்... ஸ்ஷ்' அந்தத் தாளத்தில் வந்து, 20 கி.மீ. வேகத்தில் இரண்டு மடங்கானால் சத்தம் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற ஏதோ ஒன்று. யார்டில் பல வாரம் நின்ற புதுக் காரில் பேட் இருந்த இடத்தில் பட்டையாகத் துரு விழுந்திருக்கலாம். பிரேக் மிதிக்காதபோதும் தகரத்தைக் கீறுவது போல் கேட்டால், டிஸ்க்குக்கும் அதன் பின்னால் இருக்கிற தகட்டுக்கும் நடுவே ஒரு கல் மாட்டியிருக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது நியூட்ரல் சோதனை. பின்னால் யாரும் வராத, சமமான, காலிச் சாலையில் 40 கி.மீ. வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றி மெதுவாக பிரேக் பிடிக்க வேண்டும். ப்ரியஸ் போன்ற கார்களில் நியூட்ரலில் மோட்டார் மின்சாரம் எடுக்காது. முழு வேலையும் பேட் செய்யும். சத்தம் கூடினால் குற்றவாளி பேட், டிஸ்க் பக்கம். காணாமல் போனால் அது மோட்டார் சத்தம். ஒரே நிமிடத்தில் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். (போக்குவரத்து உள்ள ரோட்டிலும், இறக்கத்திலும் இந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம்.)

சரி, ஓட்டுபவரின் சந்தேகத்துக்கு இவ்வளவு மரியாதை ஏன்? 2010-ல் நடந்ததைப் பாருங்கள்.

மூன்றாம் தலைமுறை ப்ரியஸ் 2009-ல் வந்தது. மேடு பள்ளத்திலும் வழுக்கும் ரோட்டிலும் மெதுவாக பிரேக் பிடிக்கும்போது ஒரு கணம் பிரேக் விட்டுப்போவது போல இருக்கிறது என்று ஜப்பானிலும் அமெரிக்காவிலும் புகார்கள் வந்தன. 2010 பிப்ரவரி முதல் வாரத்தில் நிறுவனத் தரப்பு இதை பிரேக் 'உணர்வு' சம்பந்தப்பட்ட விஷயமாகத்தான் விளக்கியது. அதாவது, அப்படித்தான் சார் இருக்கும்! ஜனவரி முதலே புதிதாகத் தயாராகும் கார்களில் மென்பொருளைத் திருத்தியிருந்த செய்தியும் அப்போதுதான் வெளியே வந்தது. அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு விசாரணையைத் தொடங்கியது. பிப்ரவரி 9-ம் தேதி ப்ரியஸும் வேறு சில ஹைப்ரிட் மாடல்களுமாக உலகம் முழுவதும் சுமார் 4,37,000 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. ஏபிஎஸ் வேலைக்கு வரும் நேரத்தில் மோட்டார் விலகி ஆயில் அழுத்தம் பொறுப்பேற்பதில் ஒரு சின்ன இடைவெளி. நொடிக்கும் குறைவான நேரம். மென்பொருளை மாற்றியதும் தீர்ந்தது.

2013 ஜூனில் இன்னொன்று. சுமார் 2,42,000 கார்கள். அழுத்தம் சேர்த்து வைக்கும் பாகத்திலிருந்து நைட்ரஜன் வாயு பிரேக் ஆயிலுக்குள் கசியலாம், அப்படிக் கசிந்தால் பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கும் என்பது காரணம்.

இரண்டிலும் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். பயமுறுத்துகிற சத்தத்தை இரண்டு கோளாறும் முன்னால் அனுப்பவில்லை. காலுக்குத்தான் வித்தியாசம் தெரிந்தது. ஆகவே காது மட்டும் போதாது. பெடல் ஆழமாகப் போகிறதா, ஒரு கணம் பிடி நழுவுகிறதா, பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா, யாரும் பெடலைத் தொடாமலே பம்ப் சில நொடிக்கு ஒருமுறை ஓடுகிறதா, எச்சரிக்கை விளக்கு எரிகிறதா... இதில் ஒன்று இருந்தாலும் "அப்படித்தான்" என்ற பதிலை ஏற்றுக்கொள்ளக் கூடாது. அன்றே காட்ட வேண்டும், அதுவரை ஓட்டக் கூடாது.

இன்னொரு ஆபத்து மெதுவாக வரும். ஹைப்ரிட்டில் பேட் சீக்கிரம் தேயாது என்று விற்பவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் தேயாததை யாரும் கழற்றிப் பார்ப்பதும் இல்லை. காலிப்பர் நகர்கிற பின்கள் அழுக்கும் துருவும் ஏறி இறுகிப்போனால் உள்பக்க பேட் மட்டும் தேய்ந்துகொண்டே போகும், வெளிப்பக்கம் புதுசு போல இருக்கும். பிரேக் ஆயில் கிலோமீட்டரைப் பார்க்காமல் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஓடிக் கெட்ட பிரேக்கை எல்லோருக்கும் தெரியும். சும்மா இருந்து கெடுகிற பிரேக் ஹைப்ரிட்டோடு வந்த புது வகை. சர்வீஸில் பேட் தடிமன் எத்தனை மில்லிமீட்டர், பின்கள் நகர்கிறதா, ஆயில் எப்போது மாற்றினார்கள் என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

கடைசியாக, சர்வீஸ் சென்டரில் "ஏதோ சத்தம் வருது" என்று சொன்னால் ஏதோ ஒரு பதில்தான் வரும். எத்தனை கி.மீ. வேகம், வண்டி சூடா குளிரா, ரோடு ஈரமா, பெடல் மிதித்தா மிதிக்காமலா, எந்தச் சக்கரத்துப் பக்கம் என்று ஒரு வாரம் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டு போக வேண்டும். பக்கத்து சீட்டில் இருப்பவர் போனில் பதிவு செய்து வைத்தால் இன்னும் நல்லது. முடிந்தால் மெக்கானிக்கையே ஏற்றிக்கொண்டு ஒரு ரவுண்டு போய் வர வேண்டும்.

பெரும்பாலும் துருவாகவோ பம்ப்பாகவோதான் இருக்கும். சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போகலாம். அந்த நோட்டுப் பக்கமும் வீணாகாது. இந்தக் காரின் சாதாரணச் சத்தங்கள் எவை என்பது அதில் எழுதியிருக்கிறது. நாளைக்கு அதில் இல்லாத ஒரு சத்தம் கேட்டால், அது புதுசு என்று சொல்ல வேறு யாரும் வேண்டாம்.