ஒன்றரை வருட லாரிக்கு ஒரு ரப்பர் வளையம்

சிங்கப்பூரின் கெப்பல் ரோட்டுப் பழைய ரயில் நிலையத்தைச் சுற்றித் தகர வேலி அடித்திருந்த காலம் அது. 1932இல் திறந்து 2011 ஜூன் 30ஆம் தேதியோடு ரயில் ஓட்டம் நின்றுபோன அந்தக் கட்டடத்துக்கு அடியில், எம்ஆர்டி வட்டப்பாதையின் கன்டோன்மன்ட் நிலையத்துக்காகத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஆட்களை இறக்கிவிட்டுத் தஞ்சோங் பகார் சந்துகளில் இடம் தேடி நிற்கும் லாரிகளில் ஒன்றின் அடியில் பிஸ்கட் டின் ஒன்று இருந்தது. அதில் டீசல் சொட்டிக்கொண்டிருந்தது. பட்டறை வேலைகளைப் பற்றி எழுத ஆள் தேடிக்கொண்டிருந்த எனக்கு அந்த டின் போதுமானதாக இருந்தது.

டிரைவர் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். ஊரில் நாமக்கல் வண்டிகளில் கிளீனராக ஏறி, லேலண்ட் ஓட்டிப் பழகி, பிறகு இங்கே வந்தவர். "டீசல் பம்புல கசியுதுண்ணே. கொஞ்ச நாளா நானே வைத்தியம் பார்க்கிறேன்" என்றார்.

அவர் பார்த்த வைத்தியம் வரிசையாக வந்தது. முதலில் சலவை சோப்பு. டீசல் டாங்கில் கல் பட்டு ஓட்டை விழுந்தால் சோப்பைப் பிசைந்து அப்புவது நம் லாரிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சோப்பு டீசலில் கரையாது. டாங்கில் அழுத்தமும் இல்லை, அதனால் நிற்கும். பம்பின் கதை வேறு. இந்த லாரியில் இருந்த விஇ ரகப் பம்பின் கூட்டுக்குள் எஞ்சின் ஓடும்போது சில பார் அழுத்தம் எப்போதும் இருக்கும். சோப்பு பத்து நிமிடத்தில் பிதுங்கி வந்துவிட்டது. அடுத்து எம்-சீல் என்னும் பசை. டீசல் ஊறிய அலுமினியத்தில் அது ஒட்டவே இல்லை. பிறகு பைப் இணைப்பில் வெள்ளை டேப் சுற்றலாம் என்று ஒரு நண்பர் சொன்னாராம். நல்லவேளை செய்யவில்லை. அந்த டேப்பின் பிசிறு உள்ளே போனால் சில மைக்ரான் இடைவெளியில் ஓடும் பிளஞ்சரிலோ நாசிலிலோ போய் உட்கார்ந்துகொள்ளும். கடைசியாக டாங்கில் அரை லிட்டர் ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் ஊற்றினார். சொட்டு குறைந்தது. சில நாளில் பழையபடி வந்தது.

இதில் கடைசி வைத்தியத்தை மட்டும் என்னால் சிரித்து ஒதுக்க முடியவில்லை. அதில் விஷயம் இருக்கிறது.

மறுநாள் அவரோடு லாரியிலேயே அலெக்சாண்டிரா வில்லேஜ் போனேன். தஞ்சோங் பகாரிலிருந்து அதிக தூரம் இல்லை. புக்கிட் மேராவின் அந்த மூலையில் பட்டறைகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. எங்களுக்கு வாய்த்த மெக்கானிக் ஜொகூர்த் தமிழர். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து வந்து, இருட்டியபின் திரும்புகிறவர். லாரியைப் பார்த்ததும் அவர் கேட்டது பம்பைப் பற்றி அல்ல. "தம்பி, இதுக்கு எப்ப சாவு?"

சிங்கப்பூரில் சரக்கு வாகனத்துக்கு 20 ஆண்டுதான் ஆயுள். சிஓஇ என்னும் உரிமைச் சான்றிதழ் 10 ஆண்டுக்குத்தான். அதைப் புதுப்பித்தாலும் 20ஐத் தாண்ட முடியாது. 10 வயதைக் கடந்த லாரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போய் நிற்க வேண்டும். இந்த டைனா லாரிக்கு இன்னும் ஒன்றரை ஆண்டு பாக்கி. அதனால் முதலாளி புதுப் பம்ப் வாங்கமாட்டார். டிரைவரும் அதைக் கேட்கமாட்டார். ஊரில் கைவைத்தியம் என்பது காசில்லாத குறை. சாகும் தேதி தெரிந்த வண்டிக்கு இங்கே அது சரியான கணக்கு என்றே எனக்குப் பட்டது, வைத்தியம் சரியான இடத்தில் நடந்தால்.

அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் தொழில். மெக்கானிக் பம்பின் மேல் பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்தார். காற்று அடித்து உலர்த்தினார். மேலே முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவிவிட்டு எஞ்சினை ஓடவிட்டு, பக்கத்து ஸ்டாலில் கோப்பி வாங்கக் கிளம்பினார். டீசல் ஒரு இடத்தில் கசிந்து பம்ப் முழுக்கப் படர்ந்து வேறெங்கோ சொட்டும். சொட்டும் இடத்தைப் பார்த்து ரிப்பேர் செய்தவன் எல்லாம் இரண்டாம் முறை கழற்றியவன்தான் என்றார். திரும்பி வந்தபோது வெள்ளைப் பவுடரில் ஒரு கறுப்பு ஈரக் கோடு. ஆக்சிலேட்டர் லீவர் மாட்டியிருக்கும் தண்டைச் சுற்றிக் கிளம்பி, கீழே வழிந்திருந்தது.

அதற்குப் பிறகும் அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. டைமிங் பெல்ட் மூடியின் அடிப்பக்கத்தைத் துணியால் துடைத்து முகர்ந்தார். இந்த 5எல் எஞ்சினில் பம்பைச் சுழற்றுவது ரப்பர் பெல்ட். பம்பின் முன்பக்கச் சீல் போயிருந்தால் டீசல் அந்தப் பெல்ட்டில் ஊறும். பெல்ட் ஊதி அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும். பல்சக்கரத்தில் ஓடும் எஞ்சினாக இருந்தால் அதே டீசல் சத்தமில்லாமல் ஆயில் பானுக்குள் இறங்கி எஞ்சின் ஆயிலைத் தண்ணீராக்கும். வெளியே சொட்டுவது தொல்லை. உள்ளே இறங்குவதுதான் ஆபத்து, அதற்கு டின் வைக்க முடியாது. "முன் சீலா இருந்தா நான் கைவைத்தியம் பேசவே மாட்டேன், பம்ப எறக்கிடுவேன். இது மேல் தண்டுதான். பொழச்சீங்க" என்றார்.

"பம்ப் கெட்டுப் போச்சா?" என்று டிரைவர் கேட்டார்.

"பம்ப் ஒண்ணும் ஆகல தம்பி. ரப்பர் கெழடாச்சு. டீசல் ரொம்ப சுத்தமாச்சு லா, அதான்."

இதை அவர் போகிற போக்கில் சொன்னார், ஆனால் வேதியியலும் இதையே சொல்கிறது. பழைய பம்புகளின் ஓ-ரிங்குகள் நைட்ரைல் ரப்பர். பழைய டீசலில் இருந்த அரோமேட்டிக் சேர்மங்களை உறிஞ்சி அவை சற்று உப்பி, பொருந்தி உட்கார்ந்திருக்கும். கந்தகத்தை எடுப்பதற்காக டீசலை ஹைட்ரஜனோடு வினைபுரிய வைக்கும்போது அந்தச் சேர்மங்களும் குறைகின்றன. உப்பியிருந்த ரப்பர் சுருங்குகிறது. இளம் ரப்பர் சமாளித்துக்கொள்ளும். இறுகிப்போனது இடைவெளி விடும். 1993 அக்டோபரில் அமெரிக்கா குறைந்த கந்தக டீசலுக்கு மாறியபோது பழைய வண்டிகள் பலவற்றில் பம்புகள் ஒழுகத் தொடங்கியது இதனால்தான். சிங்கப்பூர் 2005 டிசம்பரில் பத்து லட்சத்துக்கு 50 பங்கு கந்தகம் என்றும், 2013 ஜூலையில் 10 பங்கு என்றும் இறக்கியது. இந்த லாரி இரண்டையும் குடித்து வளர்ந்தது. இந்தியா முழுக்க அந்த 10க்கு வந்தது 2020 ஏப்ரலில்.

ஏடிஎஃப் ஏன் சில நாள் பலித்தது என்பதும் இதிலேயே இருக்கிறது. ரப்பரை லேசாக உப்பவைக்கும் சேர்மானங்கள் அந்த ஆயிலில் உண்டு. சுருங்கிய வளையம் கொஞ்சம் நிமிர்ந்தது. புது டீசல் நிரப்பியதும் மறுபடி சுருங்கியது. டூ-ஸ்ட்ரோக் ஆயில் ஊற்றுகிறவர்கள் வேறு காரணம் சொல்வார்கள், பம்புக்கு வழுவழுப்பு வேண்டும் என்று. கவலை நியாயமானது. விஇ பம்புக்குள் டீசலைத் தவிர வேறு ஆயில் கிடையாது, கந்தகம் எடுத்த டீசலுக்கு வழுவழுப்பு குறைவு. ஆனால் விற்பனைக்கு வருமுன்பே அதற்கான சேர்மானம் கலக்கப்படுகிறது, கசிவுக்கும் அதற்கும் சம்பந்தமும் இல்லை.

லீவரைக் கழற்றுமுன் அதன் பல் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று ஊசியால் கோடு போட்டார். ஒரு பல் தவறினால் ஐடில் மாறிவிடும். பிறகு லீவரைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தார். துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் எந்த ரப்பர் போட்டாலும் நிற்காது. புஷ் அடிக்க வேண்டும். ஆட்டம் குறைவாகத்தான் இருந்தது. மேல் மூடியின் நான்கு போல்ட்டுகளைக் கழற்றி, மூடியைச் சற்றே தூக்கி, உள்ளே கவர்னர் ஸ்பிரிங்கின் கொக்கியை விரல் நுனியால் விடுவித்தார். அந்தக் கணத்தில் யாரும் பேசவில்லை, அவரே பேசவிடவில்லை. பழைய ஓ-ரிங் தண்டிலிருந்து வந்தபோது வட்டமாக இல்லை, தட்டையாக இருந்தது. நகத்தால் அழுத்தினார், விரிசல் விட்டது. ஜாலான் புசார் பக்கத்து ஸ்பேர் கடையிலிருந்து வாங்கி வைத்திருந்த வைட்டான் ரப்பர் வளையத்தைப் புது டீசலில் நனைத்து ஏற்றினார். மூடிக்குப் புதுக் கேஸ்கெட் போட்டார். சிலிக்கான் பசையை எடுத்துக் கொடுத்த பையனை முறைத்தார். சாதாரணச் சிலிக்கான் டீசலில் ஊதிப் பிய்ந்து, உள்ளேயே போய்ச் சேரும்.

பம்பின் பின்பக்கத்தை, பிளஞ்சர் இருக்கும் தலையை, அவர் தொடவே இல்லை. "அதுக்கு டெஸ்ட் பெஞ்ச் வேணும். என்கிட்ட இல்ல" என்றார். தன் கை எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்தவரிடம் வண்டியை விடலாம்.

கழற்றிய பைப் இணைப்புகளின் பழைய செம்பு வாஷர்களை மட்டும் அவர் தூக்கி எறியவில்லை. கேஸ் அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டார். அடிபட்டு இறுகிய செம்பு மறுபடி இளகி, முகத்தில் பதிந்து அடைக்கும். கைவைத்தியம் என்று சொல்லத்தக்கதில் நான் கண்ணால் பார்த்து ஒப்புக்கொண்டது இது ஒன்றுதான்.

ஃபில்டர் மேலிருக்கும் பம்பைக் கையால் குத்திக் காற்றை எடுத்தார். நாசில் நட்டுகளைத் தளர்த்திக் கிராங்க் செய்யச் சொன்னபோது, எட்டிப் பார்த்த என்னை முழங்கையால் தள்ளினார். நாசிலிலிருந்து பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தின புள்ளி மாதிரிதான் தெரியும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடாவிட்டால் விரலே போய்விடும். கசிவைத் தேட விரல் வைப்பவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறாராம்.

எஞ்சின் பிடித்தது. மறுபடி பவுடர், மறுபடி காத்திருப்பு. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. முதலாளி போனில் வந்தார். ஒன்றரை வருடம் தாங்குமா என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி.

"தாங்கும் பாஸ்" என்றார் மெக்கானிக். "ஸ்க்ராப் பண்ற அன்னிக்கு இந்தப் பம்ப மட்டும் எனக்குக் குடுத்துடுங்க. ஜொகூர்ல வாங்க ஆள் இருக்கு."